பிள்ளைகளின் மதிய உணவும் நம் அமானிதமும்



எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் மதிய உணவுக்குப் பதிவு செய்யும் முறை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சென்ற கல்வியாண்டில் எங்களிடம் வந்தது. பெற்றோர் குழுவில் அறுவர் இருந்தோம். கணக்கு, கணினி, ஒப்பந்தம் ஆகியவற்றில் எங்கள் இருவருக்கும் ஓரளவு பழக்கம் உண்டு என்பதால், மற்ற நால்வரும் எங்கள் சொல்லையே பெரிதும் நம்பினர். அந்த நம்பிக்கையை நாங்கள் எப்படிக் கையாண்டோம், எங்கே தவறினோம், பின்னர் என்ன செய்தோம் என்பதைக் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே எழுதுகிறோம். தவற்றில் இருவருக்கும் பங்கு உண்டு.

நாங்கள் வாழ்வது செம்பரம்பாக்கத்தில். ஒருபுறம் ஏரி, மறுபுறம் சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலை. அந்தச் சாலையில் மேற்கே சென்றால் இருங்காட்டுக்கோட்டையும் ஸ்ரீபெரும்புதூரும். அங்கிருந்து தெற்கே ஒரகடம். மகிழுந்து, கைபேசி, கண்ணாடி, டயர் என எல்லாவற்றுக்கும் ஆலைகள் உள்ள பகுதி. அதிகாலை இருட்டிலேயே கம்பெனிப் பேருந்துகள் வரத் தொடங்கிவிடும். எங்கள் தெருவில் இராமநாதபுரத்துக்காரர்கள் நாங்கள். எதிர்வீட்டில் விழுப்புரத்துக் குடும்பம். பக்கத்து வரிசை வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். கணவனுக்கு ஒரு ஷிப்ட், மனைவிக்கு வேறொரு ஷிப்ட் என்றிருக்கும் வீடுகளில் காலையில் அடுப்பு மூட்டிப் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுப்பது எல்லா நாளும் நடக்கிற காரியமன்று.

அரசுப் பள்ளிகளில் இந்தக் கவலை இல்லை. 1920ஆம் ஆண்டிலேயே, பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கிலிருந்த தன் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1989 முதல் முட்டையும் சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக இந்த மண்ணில் வளர்ந்துவந்த ஏற்பாடு அது. எங்கள் பிள்ளைகள் படிப்பதோ சிறிய தனியார் பள்ளிக்கூடம். அங்கே உணவு பெற்றோரின் பொறுப்பு. ஆதலால்தான் பள்ளி நிர்வாகம் எங்களை அழைத்து, “நீங்களே பார்த்து ஒரு முறையைச் சொல்லுங்கள்” என்றது.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நகரத்திலிருந்து வந்த ஒரு நிறுவனத்தின் கைபேசிச் செயலி. முன்கூட்டியே பணம் செலுத்தி வைக்க வேண்டும். முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குள் மறுநாள் உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுச் சமையலறை ஒன்றில் சமைத்துப் பொட்டலமாகக் கொண்டுவருவார்கள். பிள்ளை அட்டையைக் காட்டினால் திரையில் பெயர் தோன்றும், உணவு கிடைக்கும். மற்றொன்று, பள்ளிக்கு அருகில் பல ஆண்டுகளாக மெஸ் நடத்திவரும் ஓர் அம்மையாரிடம் சொல்லிச் சமைக்கச் செய்வது. அவரிடம் செயலி இல்லை. நீளமான ஒரு நோட்டுப் புத்தகம்தான் இருந்தது.

முஸ்லிம் பெற்றோர் என்ற முறையில் எங்கள் முதற்கேள்வி எதுவாக இருந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஹலாலா என்று கேட்டோம். கோழி எங்கே வாங்கப்படுகிறது, யார் அறுக்கிறார், சைவ உணவுக்கும் அசைவ உணவுக்கும் தனித்தனிக் கரண்டி உண்டா என்று விசாரித்தோம். குழுவிலிருந்த சைவக் குடும்பத்துச் சகோதரி ஒருவர் எங்களுக்கு முன்பாகவே அந்தக் கரண்டிக் கேள்வியைக் கேட்டிருந்தார் என்பதும் அப்போது தெரிந்தது. இரு வேறு நம்பிக்கைகள், அக்கறை ஒன்றே. செயலி நிறுவனத்தார் ஹலால் முத்திரை அச்சிட்ட தாளைக் காட்டினர். அந்த அம்மையாரோ, “பாய், கறி சமைச்சா உங்க கடையிலதான் வாங்குவேன். நம்பிக்கை இல்லன்னா கறியே வேணாம், விடுங்க” என்றார்.

அடுத்து, கொடுக்கல் வாங்கலின் ஒழுங்கைப் பார்த்தோம். பொருளைப் பின்னர் பெற்றுக்கொள்வதற்காக இன்றே விலையைக் கொடுக்கும் வணிகத்துக்கு நம் மார்க்கச் சட்டத்தில் ‘ஸலம்’ என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ள மக்கள் பேரீச்சம்பழத்துக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கம் உடையோராக இருந்தனர். அவ்வாறு செய்வோர் அளவும் எடையும் தவணையும் தெளிவாகத் தெரிந்திருக்கும்படி செய்யட்டும் என்று நபியவர்கள் கற்பித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. செயலியில் எல்லாம் தெளிவாக இருப்பதாக எங்களுக்குத் தோன்றியது. சோறு இத்தனை கிராம், பொரியல் இத்தனை கிராம், வழங்கும் நேரம் பன்னிரண்டரை. அம்மையாரிடம் கேட்டபோது, “நாலு கரண்டி போடுவேன், பத்தலன்னா இன்னும் போடுவேன்” என்றார். தெளிவில்லாத அளவு என்று நாங்கள் குறித்துக்கொண்டோம். அந்தக் குறிப்பை இன்று எடுத்துப் பார்த்தால் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

செயலியையே பரிந்துரைத்தோம். நால்வரும் ஒப்புக்கொண்டனர். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அது நடைமுறைக்கு வந்தது. அல்ஹம்துலில்லாஹ், நன்றாகவே நடக்கிறது என்று எண்ணினோம். அலுவலகத்தில் இருந்தபடியே, இன்று மகள் எலுமிச்சைச் சோறு உண்டாள் என்று தெரிந்துகொள்வதில் எங்களுக்கு மகிழ்ச்சி இருந்தது. வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளையின் பெயருக்கு நேரே எச்சரிக்கைக் குறி தோன்றியது. அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, மூன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் பள்ளியிலிருந்து வந்து, “அத்தா, இன்னிக்கு அவளும் நோன்பு வச்சிருந்தா” என்றாள். எங்களுக்கு விளங்கவில்லை. ரமலான் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. அவள் சொன்ன தோழி முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையும் அல்லள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். மெல்லக் கேட்கக் கேட்க நடந்தது தெரிந்தது. உணவு வழங்கும் இடத்தில் அந்தப் பிள்ளை அட்டையைக் காட்டியபோது திரை சிவப்பாக மாறியிருக்கிறது. இருப்புத் தொகை தீர்ந்துவிட்டதால் பதிவு ஏற்கப்படவில்லை. வரிசையில் நின்ற எல்லாரும் திரையைப் பார்த்தனர். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அமர்ந்தாள். ஏன் சாப்பிடவில்லை என்று மற்றவர்கள் கேட்டபோது, “எனக்கு நோன்பு” என்று சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சொல்லை எங்கள் மகளிடமிருந்துதான் அவள் கற்றிருந்தாள். சென்ற ரமலானில் எங்கள் மகள் சில நோன்புகள் நோற்றபோது, உண்ணாதிருப்பதும் ஒரு பெருமைதான் என்று அவள் கண்டிருந்தாள். பசியை மறைக்க ஒரு கண்ணியமான சொல் தேவைப்பட்டபோது அது அவள் நினைவுக்கு வந்திருக்கிறது. நோன்பாளி தண்ணீரும் குடிப்பதில்லை என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது.

அன்றிரவு எங்களால் சரியாக உண்ண முடியவில்லை. மறுநாள் பள்ளிக்குச் சென்று விசாரித்தோம். அன்று வந்த பொட்டலங்களில் சில மீந்தே இருந்தன. பதிவில்லாத பிள்ளைக்கு வழங்கக்கூடாது என்பது விதி. ஆதலால் அவை மாலையில் குப்பைக்குச் சென்றன. வழங்கிய பணியாளரைக் குறை சொல்ல இயலாது. அவர் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவர். அந்த விதியை ஏற்றுக் கையெழுத்திட்டவர்கள் நாங்கள்.

பிறகு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சென்றோம். தந்தை வேலை செய்யும் ஆலையில் கைபேசியை வாயிலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். இரண்டாம் ஷிப்டில் இருப்பவருக்கு இரவு எட்டு மணி என்பது எந்திரத்தின் முன் நிற்கும் நேரம். பணம் செலுத்தினால் வரும் ஒருமுறைக் கடவுச்சொல் அவருடைய கைபேசிக்கே வரும், கைபேசியோ பெட்டிக்குள். தாய் துப்புரவு ஒப்பந்தப் பணியில் இருப்பவர். எச்சரிக்கைச் செய்தி அவருக்கும் வந்திருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் வந்திருந்தது. அவர் எங்களைக் கண்டதும், தம் பிள்ளையால் பள்ளிக்கு ஏதோ தொல்லை நேர்ந்துவிட்டது என்று எண்ணி, அறிந்த அளவு தமிழில் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்த நாங்கள்.

திரும்பும் வழியில் எங்கள் பள்ளிவாசலின் ஹஜ்ரத்திடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நீண்ட உபதேசம் எதுவும் செய்யவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டார். “பணம் கொடுத்தும் உணவு வாங்காத நாள்களின் தொகை யாரிடம் சேர்கிறது?” என்பது முதற்கேள்வி. வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை மீண்டும் படித்தோம். மாத இறுதியில் பயன்படுத்தாத உணவுத் தொகை காலாவதியாகும் என்று அதில் எழுதியிருந்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளின் பணமும் நோன்பு நாள்களின் பணமும் திரும்ப வராது. அளவும் எடையும் பார்த்த நாங்கள் இதைப் பார்க்கவில்லை. “பசித்த பிள்ளை திரும்பிப் போகாமல் இருக்க அதில் என்ன வழி வைத்தீர்கள்?” என்பது இரண்டாவது. அதற்கு எங்களிடம் விடையே இல்லை.

உணவு ஹலாலா என்று கேட்டது சரியான கேள்விதான். அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு எங்கள் மார்க்கக் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டோம். இருவருக்குரிய உணவு மூவருக்குப் போதும் என்று கற்பித்த தூதரின் உம்மத்தினர் நாம். குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது நமக்கும் உரியது. அநாதையை விரட்டுவதையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதிருப்பதையும், அற்பப் பொருளையும் கொடுக்காமல் தடுப்பதையும் கண்டிக்கும் ‘அல்மாஊன்’ அத்தியாயத்தைத் தொழுகையில் எத்தனை முறை ஓதியிருப்போம்!

எங்களுக்கு 2015 டிசம்பரும் நினைவுக்கு வந்தது. அந்தப் பெருமழையில் இந்த ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து அடையாற்றில் வெள்ளம் புரண்டபோது, சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தாருக்கும் கதவைத் திறந்தன. சோற்றுப் பொட்டலத்தை நீட்டியவர் எவரும் வாங்கியவரின் பெயரைக் கேட்கவில்லை. அந்தப் பெருந்துயரில் நம் சமுதாயம் இயல்பாகச் செய்ததை, ஒரு சாதாரண புதன்கிழமை மதியத்தில் நாங்கள் மறந்திருந்தோம்.

குழுவை மீண்டும் கூட்டி, எங்கள் பரிந்துரை தவறு என்று ஒப்புக்கொண்டோம். அதைச் சொல்வது எளிதாக இல்லை. கருவியைக் குறை கூறித் தப்பிக்கவும் நாங்கள் விரும்பவில்லை. ஏனெனில் பணமில்லாப் பதிவு முறையால் நன்மையும் உண்டு. பிரிட்டனில், இலவச உணவு பெறும் பிள்ளை யார் என்பது மற்றவர்க்குத் தெரியாமல் இருப்பதற்கு இத்தகைய அட்டை முறைகள் உதவுகின்றன. அமெரிக்காவிலோ, உணவுக் கடன் பாக்கியுள்ள பிள்ளைகளைப் பிறர் முன் அடையாளப்படுத்தும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. அதைத் தடுக்க நியூ மெக்சிகோ மாநிலம் 2017இல் சட்டமே இயற்றியது. ஆக, அட்டையா நோட்டா என்பதில் மட்டும் எதுவும் முடிவாவதில்லை. பணம் தீர்ந்த நாளில் பிள்ளைக்கு என்ன நேரும் என்பதை விதியில் எப்படி எழுதுகிறோம் என்பதே முக்கியம்.

அந்த நிறுவனத்திடம் விதியை மாற்றக் கேட்டோம். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே முறைதான் என்றனர். ஆகவே காலாண்டு விடுமுறைக்குப் பின் அம்மையாரிடமே சென்றோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “வாங்க, எத்தனை புள்ளைங்க?” என்று மட்டும் கேட்டார்.

இப்போதைய முறை இது. காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போதே, இன்று இங்கே உண்பவர் எத்தனை பேர் என்று வகுப்பாசிரியர் எண்ணிக்கொள்கிறார். ஒன்பதரை மணிக்குள் அந்த எண்ணிக்கை சமையலறைக்குச் செல்கிறது. சமையலறைக்குப் போவது எண் மட்டும். எந்தப் பெயரும் போவதில்லை. எண்ணிக்கைக்கு மேல் பத்துப் பேருக்குக் கூடுதலாகச் சமைக்கப்படுகிறது. வரிசையில் நிற்கும் எந்தப் பிள்ளையிடமும் எதுவும் கேட்கப்படுவதில்லை. உண்ட நாள்களுக்கு மட்டும் மாத இறுதியில் கணக்கு. யுபிஐ வழியாகவோ ரொக்கமாகவோ பெற்றோர் அலுவலகத்தில் செலுத்துகின்றனர். பாக்கி யாருக்கு இருக்கிறது என்பது அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டுமே தெரியும். செயலியிலிருந்து ஒரு நல்ல பழக்கத்தை எடுத்துக்கொண்டோம்: ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியல் வகுப்பிலும் சமையலறையிலும் ஒட்டப்பட்டுள்ளது.

இறைச்சியை விட்டுவிட்டோம். சாம்பார்ச் சோறு, தக்காளிச் சோறு, கொண்டைக்கடலை, கீரை, வாரம் இரண்டு நாள் முட்டை. முட்டை உண்ணாதவர்க்கு, அரசுப் பள்ளிகளில் செய்வதுபோல, வாழைப்பழம். நம்மவர்களில் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாத்திரத்திலிருந்து ஐயமின்றி உண்ண இதைவிட எளிய வழி எங்களுக்குத் தெரியவில்லை. கறி வீட்டில் இருக்கிறது, இரவு உண்ணலாம். மதிய இடைவேளையில் விரும்பும் பிள்ளைகள் உளூச் செய்து லுஹர் தொழ நேரமும் கிடைக்கிறது.

சமையலறையின் தூய்மையையும் நாங்கள் நம்பிக்கைக்கு மட்டும் விடவில்லை. 2021 டிசம்பரில் இதே தொழிற்பகுதியில், விடுதி உணவு நஞ்சாகிப் பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியதும் எங்களுக்கு மறக்கவில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, குடிநீர்ப் பரிசோதனை, சமைப்போரின் மருத்துவச் சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்கினோம். பள்ளி உணவு பற்றி 2020இல் வெளியான மத்திய அரசின் ஒழுங்குமுறைகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்கின்றன. அந்த விதியையும் அம்மையாரிடம் படித்துக் காட்டினோம். மாதம் ஒருமுறை பெற்றோர் இருவர் முன்னறிவிப்பின்றிச் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்கின்றனர்.

இந்த முறையிலும் குறைகள் உண்டு. ஒருநாள் எண்ணிக்கை தவறி, ஆசிரியர்கள் தாமதமாக உண்ண நேர்ந்தது. அம்மையாருக்கு வாரந்தோறும் மளிகைக்குப் பணம் வேண்டும். மாத இறுதிவரை அவரைக் காக்க வைப்பது அநீதி. ஆதலால் இயன்ற குடும்பங்கள் பாதித் தொகையை முன்பே செலுத்துகின்றன. உண்ணாத நாள்களின் பணம் அடுத்த மாதத்துக்கு அப்படியே செல்கிறது. சில வீடுகளில் பாக்கி நிற்பதுண்டு. அதற்கென ஒரு பொதுத்தொகை வைத்திருக்கிறோம். ஸதகாவாகக் கொடுப்பவரும் உண்டு. பிறந்தநாள் என்று கொடுப்பவரும் உண்டு. யார் கொடுத்தது, யாருக்குச் சென்றது என்பது எழுதப்படுவதில்லை. வரவும் செலவும் மட்டும் எழுதப்படுகின்றன.

உங்கள் பிள்ளைகளின் பள்ளியிலும் இத்தகைய முடிவு உங்களிடம் வரலாம். வந்தால், உணவு ஹலாலா என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். அதோடு வேறு சிலவற்றையும் கேளுங்கள். பணம் தீர்ந்தால் பிள்ளைக்கு என்ன நேரும்? உண்ணாத நாளின் பணம் யாருடையது? நோன்பு மாதத்தில் நிறுத்தி வைக்க முடியுமா? தமிழோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாத தாய்க்கு அது பயன்படுமா? செயலி என்றால், பிள்ளையின் படத்தையும் பிறந்த நாளையும் எதற்காகக் கேட்கிறார்கள்? பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இவற்றையெல்லாம் உங்கள் பிள்ளைக்காக மட்டும் கேட்காதீர்கள். கூட்டத்துக்கு வர முடியாமல் ஆலையில் நிற்கும் பெற்றோரின் இடத்தில் இருந்தும் கேளுங்கள். குழுவில் அமர்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அந்தப் பிள்ளைகளும்தான்.

அந்தச் சிறுமி இப்போதும் எங்கள் மகளின் தோழியே. அன்று நடந்ததைப் பற்றி அவளிடம் நாங்கள் எதுவும் பேசவில்லை. அவள் காத்த மானத்தை நாங்கள் கலைக்க வேண்டியதில்லை. சென்ற ரமலானில் ஒரு மாலை அவளும் அவள் பெற்றோரும் எங்கள் வீட்டுக்கு நோன்பு திறக்க வந்தனர். நோன்புக் கஞ்சியை மூன்று முறை வாங்கிக் குடித்துவிட்டு, “இன்னும் இருக்கா?” என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

யா அல்லாஹ், எங்கள் கவனக்குறைவால் ஒரு குழந்தை பசித்திருந்த அந்த நாளை எங்களுக்கு மன்னிப்பாயாக. எங்கள் கைகளில் வரும் சிறிய பொறுப்புகளையும் பெரியனவாகக் கருதும் உள்ளத்தைத் தருவாயாக. எல்லாப் பிள்ளைகளின் உணவிலும் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.